டொன் எல்பியோவின் இடது கை

போன கிழமை வசந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு எங்கள் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. இப்போது மூன்றாம் மாடிக்கே அவள்தான் பொறுப்பு.

"அண்ணை, உங்களுக்கொரு புதினம். சனத்தின்ரை கையைக் கட்டிவைக்கிற அந்தக் கையுறையள் எல்லாத்தையும் அலுமாரியிலயிருந்து எடுத்துப்போட்டினம். இனி ஒருத்தருக்கும் கட்டக்கூடாதாம்."

நல்ல விஷயம் என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"நீங்களும் கட்டியிருக்கிறீங்களோ அண்ணை?"

"ஓம் பிள்ளை, கட்டியிருக்கிறன்."

"ஆருக்கு?"

"பேந்து சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன்.

எனக்கு வாய் நீளம் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். தேவையான இடத்தில் மட்டும் அது கட்டையாகிவிடும். இதை வசந்தியிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை நாலு வரியில் முடிந்துவிடும். அகதியாக மொன்றியலுக்கு வந்தேன். உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பிரெஞ்சு படித்து, எட்டு மாதப் பராமரிப்புப் பயிற்சியை ஒருவழியாக முடித்து, செயின்ட்-மிஷேலில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். எங்களை அங்கே 'ப்ரெபோசே' என்பார்கள். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நாங்கள்தான். இருபத்தாறு ஆண்டுகள் அதைச் செய்தேன், பெரும்பாலும் சந்தோசமாகவே செய்தேன்.

அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் பரமேஸ் அண்ணை. எனக்கு முன்பே அங்கே இருந்தவர். என் முதல் குளிர்காலத்துக்குத் தன் தடித்த ஜக்கற்றைத் தந்தவரும் அவர்தான். முதல் நாள் சாப்பாட்டு அறையில், ரொட்டியைப் பிய்த்து எனக்கும் பாதி தந்துவிட்டு, "தம்பி குணம், நீர் ஊரில எவடம்?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஊரின் பெயர் மட்டும் போதாது. ஊருக்குள் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். நேரே கேட்பது அழகில்லை என்பதால் 'எவடம்' என்று கேட்பார்கள். கேட்பவர் சிரித்த முகத்தோடுதான் கேட்பார். பதில் சொல்பவனுக்குத்தான் சிரிப்பு வராது.

"கோயிலடி அண்ணை" என்றேன்.

எங்கள் வீடு கோயிலடியில் இருக்கவில்லை. சுடலைக்குப் போகிற ஒழுங்கையில் இருந்தது. என் அப்பு சாவீடுகளுக்குப் பறையடித்தவர். வீட்டுப் படலைக்கு வெளியே நின்று அடித்து, படலைக்கு வெளியே நின்று சாப்பாடு வாங்கியவர். காவோலை கொளுத்தி, பறைத் தோல் இறுகிச் சத்தம் எழும்பும்படி அதைச் சூட்டில் காய்ச்சிக் கொடுப்பது என் வேலை. அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன், எதற்காகவும் ஏங்கவில்லை. கனடாவிலும் 'எவடம்' என்று ஒருவர் கேட்பார் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு பொய்யைப் பத்தொன்பது வருடம் கட்டிக்காத்தேன். அந்த வருடங்களில் என் பிள்ளைகள் பரமேஸ் அண்ணை வீட்டில் உண்டு வளர்ந்தார்கள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர்தான் முன்னுக்கு நின்றார்.

எங்கள் மாடிக்குத் தலைமைத் தாதி மதாம் ஜினெட். ஒல்லியான மனுஷி. நடந்தால் சத்தமே வராது. கழுத்தில் ஒரு நூலில் பேனை தொங்கும். நாங்கள் எழுதும் குறிப்புகளை வேலை முடிந்து போகுமுன் ஒன்று விடாமல் வாசிப்பார். சேர்ந்த புதிதில் ஒரு கிழவியைப் பற்றி, 'அமைதியில்லாமல் இருந்தார்' என்று எழுதியிருந்தேன். கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்த அமைதியின்மையை நீ எங்கே பார்த்தாய்? அவருடைய காலிலா, கண்ணிலா?"

"போர்வையை இழுத்துக்கொண்டே இருந்தார், மதாம்."

"அப்படியானால் அதை எழுது. பார்த்ததைத் தாளில் எழுது. நினைத்ததை என்னிடம் வந்து சொல்."

குரலை உயர்த்தி அவர் பேசியதே இல்லை. ஆனால் அவர் முன் பொய் சொல்ல எங்கள் ஒருவருக்கும் வராது. எனக்கு ஒரு தரம் வந்தது.

எல்பியோ எங்களிடம் வந்தது குளிர்காலத் தொடக்கத்தில். கறுத்து உயர்ந்த மனிதர், எழுபத்தெட்டு வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளில் சொந்த நாடு உருகுவே என்றும், பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை செய்தவர் என்றும் இருந்தது. உறவினர் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. நாங்கள் 'முசியே எல்பியோ' என்று கூப்பிட்டோம். 'டொன்' என்ற மரியாதைச் சொல் அவருக்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

அவருடைய காலைப் பராமரிப்பு என்னுடையது. பக்கம் விழுந்தவருக்குச் சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கவேண்டும். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கவேண்டும். முகம், கழுத்து, கக்கம், பிறகு கைகள். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைக்கவேண்டும். முதல் நாள் அவருடைய இடது கையைக் கழுவும்போதே எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. உள்ளங்கையின் ஓரமும் விரல்களின் அடியும் மாட்டுக் குளம்பாகக் காய்த்துக் கிடந்தன. அப்பு குச்சியால் அடித்தவர், அவருக்குக் காய்த்த இடம் வேறு. ஆனாலும் மேளத் தோலோடு காலம் தள்ளிய கையை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன்.

ஒரு கிழமை போனதும் அவர் தட்டத் தொடங்கினார். காலைச் சாப்பாடு முடிந்ததும் இடது கையால் கட்டில் தலைமாட்டு மரத்தில் ஒரு வரிசை, பிறகு சாப்பாட்டுத் தட்டத்தில் ஒரு வரிசை. தட்டத்தில் அடிக்க முன் உள்ளங்கையால் அதை ஒரு தரம் தடவிப் பார்ப்பார். சில அடிகளுக்குப் பிறகு ஒரு இடைவெளி வரும். அந்த இடத்தில் அடிக்கவேண்டிய வலது கை போர்வைக்குள் செத்துக் கிடந்தது. அவர் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, பிறகு தொடர்வார்.

ஒரு நாள் தட்டத்தைத் தூக்கி, யன்னலுக்குக் கீழே இருந்த ஹீற்றரில் சாய்த்துவைத்தார். பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு எடுத்து மடியில் வைத்து, மடக்கிய விரல் கணுவால் ஒரு தரம் தட்டிக் காதுகொடுத்தார். திருப்தி இல்லை. மறுபடியும் ஹீற்றரில் சாய்த்தார்.

நான் துடைக்கிற துவாயோடு வாசலில் நின்றேன். அவர் தோல் காய்ச்சுகிறார். அது பிளாஸ்ரிக் தட்டம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை, அவருக்கு வேறு தோல் இல்லை, அவ்வளவுதான். அப்பு பின்னால் வந்து நிற்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

எனக்குப் பின்னால் நின்றது பரமேஸ் அண்ணை.

"சாவீட்டுப் பறை மாதிரியெல்லோ அடிக்கிறான்" என்று சிரித்தார். "அவையின்ரை நாட்டிலயும் அந்த ஆக்கள் இருக்கினம் போல."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தட்டுவது நாளுக்கு நாள் கூடியது. அறையைப் பகிர்ந்திருந்தவர் மத்தியானத்தில் படுக்க முடியவில்லை என்று முறையிட்டார். ஒரு தட்டம் ஹீற்றரில் உருகி வளைந்தது. கடைசியில் அவருடைய கைத்தோல் கட்டில் கம்பியில் பட்டுக் கிழிந்து போர்வையெல்லாம் இரத்தமானது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், ஆகவே விளையாட்டில்லை. நான் குறிப்பில் எழுதினேன்: 'இடது கையால் தட்டத்திலும் கட்டிலிலும் இரண்டு மணி நேரம் அடித்தார். புறங்கையில் இரண்டு சென்ரிமீற்றர் காயம்.' பார்த்ததை அப்படியே எழுதியிருந்தேன்.

அன்று பிற்பகல் மதாம் ஜினெட் எங்கள் இருவரையும் தன் சிறிய அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கையுறை இருந்தது. பஞ்சு வைத்துத் தைத்த, விரல் பிரியாத தடித்த வெள்ளை உறை. மணிக்கட்டில் பட்டி.

"எனக்கு இதைக் கட்ட விருப்பமில்லை" என்றார். "அவரோடு அதிக நேரம் இருப்பவர்கள் நீங்கள் இருவரும். அவர் ஏன் இதைச் செய்கிறார்? காரணம் ஒன்று இருந்தால் வேறு வழி பார்க்கலாம். காரணம் இல்லாவிட்டால் கையைக் காப்பாற்ற இதுதான் வழி."

"காரணம் ஒண்டுமில்லை மதாம். மூளை குழம்பிப்போச்சு" என்று பரமேஸ் அண்ணை தன் பிரெஞ்சில் சொன்னார்.

மதாம் ஜினெட் என்னைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது தெரியுமா?"

சொல்வதற்கு ஒரு வசனம் போதும். அவர் மேளக்காரர், மதாம். ஒரு பழைய மேளத்தை, ஒரு தலையணையையாவது மடியில் வைத்தால் கை கிழியாது. அவ்வளவுதான். அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பது. பக்கத்தில் பரமேஸ் அண்ணை. தோல் காய்ச்சுவதைக் கண்டுபிடிக்கிறவன் கோயிலடிப் பிள்ளையாக இருக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியாதா?

"இல்லை மதாம்" என்றேன். "ஒன்றும் தெரியாது."

கையுறையை நானே கட்டினேன். பட்டிக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவிழ்த்து, கழுவி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி, மறுபடி கட்டவேண்டும். நான் ஒரு தரமும் தவறவிடவில்லை. முதல் நாட்களில் அவர் உறையோடு தட்டத்தில் அடித்தார். சத்தம் வரவில்லை. கையைத் தூக்கி என்னிடம் காட்டினார். பேச முடியாதவர், வேறு எப்படிக் கேட்பார்? நான் முகத்தைத் திருப்பிப் போர்வையைச் சரிசெய்தேன். இரண்டாம் கிழமை காட்டுவதை நிறுத்திவிட்டார்.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரசியேலா என்ற பெண் அவரைப் பார்க்க வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவரைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்திருக்கிறாள். அவள் உறவினர் இல்லை என்பதால் எங்கேயும் அவளுக்கு விவரம் சொல்லவில்லை. கடைசியில் அவர் வேலை செய்த பள்ளிக்கூடத்துக் காவலாளியிடம் கேட்டறிந்து வந்திருக்கிறாள்.

வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்த்தது அவருடைய முகத்தை அல்ல, கையுறையை.

"டொன் எல்பியோ" என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டு போய், என்னிடம் கேட்காமலே பட்டியை அவிழ்த்தாள். காய்ப்பெல்லாம் ஊறி வெளுத்து, குழந்தையின் கை மாதிரி மெத்தென்று கிடந்தது அந்தக் கை. அவள் அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு தட்டத்தை அவர் மடியில் வைத்து, தன் விரல்களால் அதில் தட்டத் தொடங்கினாள். மரத்தில் ஒரு வரிசை, தட்டத்தில் ஒரு வரிசை. அவர் அடித்துவந்த அதே அடி. ஒரு இடத்தில் நிறுத்தி, அவருக்காக இடம்விட்டுக் காத்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். கை அசையவில்லை. அவள் திரும்பவும் அடித்து, திரும்பவும் இடம்விட்டாள். நாலு தரம். அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

அதன் பிறகு அறைக்கு வெளியே நடைபாதையில் நின்று எனக்குச் சொன்னாள். அவள் இங்கே அவரோடு சேர்ந்து மேளம் அடிப்பவள். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் உருகுவேயில் காத்து வைத்திருக்கும் மேள இசை, பெயர் கந்தோம்பே. ஒரு கையில் குச்சி, மற்றக் கை வெறுங்கை. மூன்று அளவு மேளங்களைச் சேர்த்துத் தெருவில் நடந்துகொண்டே அடிப்பார்கள். அவருடையது எல்லாவற்றிலும் பெரியது, அடித் தொண்டையில் பேசுவது. ஒரு காலத்தில் அந்த மேளத்தைத் தெருவிலேயே அடிக்கவிடாமல் விரட்டினார்களாம். அந்த நாட்டில் அவர் இருந்த காலத்தில், அவர் வீட்டு வாசலில் மேளங்களை நிறுத்தி வணங்கிவிட்டுத்தான் ஊர்வலம் போகுமாம்.

"இங்கே ஒருவருக்குமா தெரியவில்லை, அவர் என்ன செய்கிறார் என்று?" என்று கேட்டாள்.

அடுத்த அறைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அன்றோடு கையுறை போய்விட்டது. மதாம் ஜினெட்டே அதை எடுத்துப் போனார். கிரசியேலா ஒவ்வொரு நாளும் வந்தாள், ஒரு சின்ன மேளம்கூடக் கொண்டுவந்தாள். பதினோராம் நாள் காலை, சளி கட்டி, டொன் எல்பியோ இறந்துபோனார். கடைசியாக அவரைக் கழுவியது நான். இறந்தவரைக் கழுவுவதற்கும் ஒழுங்கு ஒன்றுதான்: முகம், கழுத்து, கக்கம், கைகள். இடது கையை மட்டும் இரண்டு தரம் கழுவினேன். மன்னித்துக்கொள்ளுங்கோ ஐயா என்று தமிழில் சொன்னேன். உயிரோடு இருக்கும்போது சொல்லாத வாய் அப்போதுதான் திறந்தது.

பனி கரைந்த பிறகு, ஒரு ஞாயிறு பிற்பகல், கிரசியேலாவோடு மேளம் அடிக்கும் ஆட்கள் அவருக்கு மரியாதை செய்தார்கள். அவளுடைய வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கையில் கூடி, மேளங்களைக் காய்ச்சி, வில்லரே பகுதியில் அவர் குடியிருந்த வீடு வரை அடித்துக்கொண்டு நடப்பது. எங்களையும் அழைத்திருந்தாள். "நாம் போகவேண்டும்" என்று மதாம் ஜினெட் சொன்னார். அவரும், பரமேஸ் அண்ணையும், நானும் போனோம்.

பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயில் கடதாசி மட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் முன்னெச்சரிக்கையாகத் தண்ணீர்க் குழாயோடு நின்றார். மேளங்கள் நெருப்பைச் சுற்றி வட்டமாகச் சாய்ந்திருந்தன. நடுவில் டொன் எல்பியோவின் பெரிய மேளம். அதை அன்று ஒருவரும் அடிப்பதில்லை, காய்ச்சி, சுமந்துகொண்டு மட்டும் போவது என்று தீர்மானித்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாடிக்காரர் யாரோடோ கதையில் மூழ்கிவிட்டார். நெருப்பு ஒரு பக்கம் எழும்பியது. தோல் கருகுவதற்குச் சற்று முன்னால் ஒரு வாசம் வரும். தெரிந்தவனுக்குத்தான் அது மூக்கில் ஏறும்.

நான் யோசிக்கவில்லை. இரண்டு எட்டில் போய் மேளத்தைப் பின்னுக்கு இழுத்தேன். சரித்துப் பிடித்து, விளிம்பில் சூடு சமமாக ஏறும்படி மெல்ல மெல்லத் திருப்பினேன். உள்ளங்கையால் தடவினேன். விரல் கணுவால் தட்டிக் காதுகொடுத்தேன். இன்னும் கொஞ்சம். மறுபடி தட்டினேன். இப்போது சரி.

நிமிர்ந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கிரசியேலா கேட்டாள்.

பரமேஸ் அண்ணை கோப்பிக் கோப்பையோடு எனக்குப் பக்கத்தில் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. "குணம், நீர் கோயிலடி எண்டெல்லோ சொன்னனீர்?"

"கோயிலடி இல்லை அண்ணை. சுடலை ஒழுங்கை. என்ரை அப்பு பறையடிச்சவர்."

அவர் நெருப்பைப் பார்த்தபடி "அப்பிடியோ" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து வழக்கம்போல அழைப்பு வந்தது. அவருடைய மனைவியின் பேச்சில் கொஞ்சம் குளிர் இருந்தது, வேறொன்றும் இல்லை. இதற்காகவா ஒரு மனிதனின் கையைக் கட்டினேன்?

கிரசியேலா இன்னும் பதிலுக்காக நின்றாள். பிரெஞ்சில் சொன்னேன், அவளுக்கும் மதாம் ஜினெட்டுக்கும் சேர்த்து.

"என் அப்பாவும் மேளக்காரர். டொன் எல்பியோ தட்டத்தை ஹீற்றரில் வைத்தபோதே எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டபோதும் தெரியும், மதாம்."

மதாம் ஜினெட்டின் கை கழுத்துக்குப் போனது. அன்று அங்கே பேனை இல்லை. "நினைத்ததை என்னிடம் வந்து சொல் என்று சொல்லியிருந்தேனே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

கிரசியேலா எனக்குக் கிட்ட வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் குனிந்து மேளத்தின் வாரை எடுத்து என் தோளில் மாட்டினாள்.

"நீ சுமந்துகொண்டு வா" என்றாள். "அடிக்காதே."

முன்னாலும் பின்னாலும் மேளங்கள் முழங்கின. பல்கனிகளில் சனம் வந்து நின்றது. நடுவில் நான், சத்தமில்லாத மேளத்தோடு நடந்தேன். என் இடது கை அந்தச் சூடான தோலில் கிடந்தது. அந்த அடியில் அவருடைய இடம் வரும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிந்தது, விரல்கள் தாமாக எழும்பப் பார்த்தன. நான் எழும்ப விடவில்லை. அவருடைய வீட்டு வாசலை அடைந்தபோது தோல் ஆறிப்போயிருந்தது.

வசந்தி, ஆருக்குக் கட்டினனீங்கள் எண்டு கேட்டனீ. டொன் எல்பியோவுக்கு. அவரின்ரை இடது கைக்கு. தெரியாமல் இல்லைப் பிள்ளை, தெரிஞ்சுகொண்டுதான் கட்டினனான்.